செல்போனில் அவசர அழைப்பு: டெல்டா மக்கள் கடைக்கு வந்து கேட்கும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்களும் ரீசார்ஜ் போட வருகிறவர்களும் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் போகிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். அதில் அவசரத்துக்குக் கூப்பிடுவது பற்றியவை மட்டும் இங்கே. கடையில் எப்படிச் சொல்வேனோ அப்படியே பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

எத்தனையோ நம்பர் சொல்கிறார்கள். எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வது?

112, 108. இந்த இரண்டும் போதும். 112 நாடு முழுவதற்கும் ஒரே எண். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எது வேண்டுமானாலும் இதில் கேட்கலாம். 108 தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிற இலவச ஆம்புலன்ஸ். உடம்புக்கு என்றால் நேராக 108, மற்ற எதற்கும் 112 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 100-ம் 101-ம் வேலை செய்கின்றன. பழகிய கை தானாக அதை அழுத்தினால் தப்பே இல்லை.

மற்றதெல்லாம் போனில் பெயர் போட்டுச் சேமித்து வைக்க வேண்டிய எண்கள். வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கேஸ் கசிவுக்கு 1906. கரண்ட் சம்பந்தமாக மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. நெடுஞ்சாலையில் 1033, ரயிலில் 139. மாடு கன்றுக்கு ஆம்புலன்ஸ் 1962. வங்கிப் பணம் திருட்டுப் போனால் 1930. பணத் திருட்டில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மறுநாள் காலையில் பேங்குக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

போன் எடுத்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

இடத்தைச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்பதை அப்புறம் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் சித்தப்பாவைப் பாம்பு கடித்தது சம்பா நடவு முடிந்த சமயம். சாயங்காலம் மடை திறக்கப் போனவரை வரப்பில் கண்ணாடி விரியன் போட்டுவிட்டது. தம்பி 108-க்குக் கூப்பிட்டான். "சார் சீக்கிரம் வாங்க, அப்பாவைப் பாம்பு கடிச்சிருச்சு, கீழத்தெரு, மாரியம்மன் கோயில் பக்கம்" என்று ஊர்ப் பெயரை அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் பதற்றத்தில் கட் செய்துவிட்டான். வண்டி கிளம்பி வந்தது. வெண்ணாற்றுக்கு அந்தக் கரையிலும் ஒரு கீழத்தெரு, அங்கேயும் ஒரு மாரியம்மன் கோயில். நாங்கள் இந்தக் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறோம், எதிர்க்கரையில் நீல விளக்கு சுற்றுகிறது. கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். ஆனால் பாலத்தைச் சுற்றி வர வேண்டும். நாற்பது நிமிடம் போய்விட்டது. சித்தப்பா பிழைத்துக்கொண்டார், ஆனால் சிறுநீரகம் பாதித்து பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதில் வண்டிக்காரர் தப்பு ஒன்றும் கிடையாது. சொன்ன இடத்துக்குத்தான் அவர் வந்தார்.

108-இல் நம் அழைப்பை எடுக்கிறவர் சென்னையில் தேனாம்பேட்டையில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாடு முழுவதற்கும் அங்கேதான் போன் போகிறது. "டீக்கடை முக்கு" என்றாலும் "பெரிய குளத்துக்கரை" என்றாலும் அவருக்கு எதுவும் தெரியாது. அதனால் இந்த வரிசையில் சொல்லுங்கள்: மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அப்புறம் அடையாளம். நம் ஊர்ப்பக்கத்தில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும், ஆற்றுக்கு எந்தக் கரை என்பது. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, பாமணியாறு, கோரையாறு என்று இத்தனை ஆறும் வாய்க்காலும் குறுக்கே ஓடுகிற பூமி இது. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். "வெண்ணாற்றுக்குத் தென்கரை, பாலத்தைத் தாண்ட வேண்டாம்" என்ற ஒரு வரி, வண்டி எந்தச் சாலையில் வர வேண்டும் என்பதையே முடிவு செய்துவிடும்.

ஊர்ப் பெயர் சொன்னால் போதாதா? தாலுகா, மாவட்டம் எதற்கு?

ஆலங்குடி என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு அது வலங்கைமான் பக்கம், குரு கோயில் இருக்கிற ஆலங்குடி. புதுக்கோட்டைக்காரருக்கு அது அவர்களுடைய தாலுகா தலைநகரம். பெயர் ஒன்று, மாவட்டம் இரண்டு. வடுவூரில் வடபாதியும் உண்டு, தென்பாதியும் உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு, புதுத்தெரு இல்லாத ஊரே டெல்டாவில் கிடையாது.

நாகூர், திருமலைராயன்பட்டினம், அம்பகரத்தூர் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக்கால் புதுச்சேரி மாநிலத்தில் சேர்ந்தது. நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்தால் மாநிலம் மாறிவிடுகிறது. எல்லையோரம் நின்று பேசினால், நிற்பது தமிழ்நாடா காரைக்காலா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

போனில்தான் ஜி.பி.எஸ். இருக்கிறதே, அவர்களுக்கே இடம் தெரிந்துவிடாதா?

தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதை நம்பி இடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. டவரை வைத்து இடம் கண்டுபிடிப்பது ஊருக்குள் சரி. வயக்காட்டில் ஒரு டவரே பல கிலோமீட்டருக்குச் சிக்னல் கொடுக்கிறது, அதற்குள் எத்தனையோ ஊர் அடங்கிவிடும். பட்டன் போன் என்றால் கேட்கவே வேண்டாம்.

நடுக்காட்டில், ரோட்டில் இருக்கிறேன். எந்த இடம் என்றே தெரியவில்லை என்றால்?

சுற்றிப் பாருங்கள், எழுத்து எங்காவது இருக்கும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் இருக்கிற ஊர்ப் பெயரையும் எண்ணையும் அப்படியே வாசியுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற ரோடு, நீடாமங்கலம் தாண்டி, இடது பக்கம்" என்பது பாதி வழி சொன்னதற்குச் சமம். மின்கம்பத்தில் பெயின்டில் எண் எழுதியிருக்கும், அதையும் சொல்லலாம். பஸ் ஸ்டாப் பலகை, பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகை, நெல் கொள்முதல் நிலையம், மதகில் செதுக்கியிருக்கும் பெயர், எல்லாமே உதவும்.

டச் போன் வைத்திருப்பவர்கள் மேப்பைத் திறந்து நீலப் புள்ளியின் மேல் அழுத்திப் பிடித்தால் இடத்தின் பெயரோ எண்களோ வரும். அதைப் படிக்கலாம். ஆனால் இதைச் செய்யப் போய் அழைப்பைத் தாமதிக்காதீர்கள். முதலில் கூப்பிடுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள், பேசிக்கொண்டே மேப்பைப் பாருங்கள்.

பேசி முடித்ததும் கட் செய்துவிடலாமா?

அவர்கள் "வைத்துவிடுங்கள்" என்று சொன்ன பிறகு வையுங்கள். வண்டி வருவதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவார்கள்.

வைத்த பிறகு முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. உறவுக்காரர்களுக்கெல்லாம் அதே போனில் தகவல் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். 108 வண்டி ஓட்டுகிறவரை பைலட் என்பார்கள். அவர் கிளம்பியதும் நீங்கள் கூப்பிட்ட அதே எண்ணுக்கு வழி கேட்டுப் பேசுவார். அந்த நேரம் லைன் பிஸியாக இருந்தால் அவர் முக்கில் நின்றுகொண்டிருப்பார். புது எண் என்று எடுக்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். லோன் வேண்டுமா என்று கேட்டு நாள் முழுக்க வருகிற தொல்லையில் நாமெல்லாம் தெரியாத எண்ணை எடுக்காமலே பழகிவிட்டோம். 108-க்குக் கூப்பிட்ட பிறகு அரைமணி நேரத்துக்கு எந்த எண் வந்தாலும் எடுங்கள். சொந்தக்காரர்களுக்கு வேறு போனிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு ஆளை மெயின் ரோடு முக்குக்கு அனுப்புங்கள். இரவு என்றால் கையில் டார்ச்சோடு.

பேலன்ஸ் இல்லை, ரீசார்ஜ் முடிந்துவிட்டது. கால் போகுமா?

112 போகும். அதற்குக் காசு கிடையாது. வேலிடிட்டி முடிந்து அவுட்கோயிங் நிறுத்தியிருந்தாலும் அதை அவசர அழைப்பாகப் போனே தனியாக அனுப்பும். கடைக்கு வருகிற பாட்டிமார் பலர் "காசு இல்லையே, அதான் கூப்பிடல" என்று சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கும். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ஸ்கிரீனில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வருகிறதே, அப்படியென்றால்?

உங்கள் சிம் கம்பெனியின் டவர் அங்கே எட்டவில்லை, ஆனால் வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். அப்போது 112 அடித்தால் எந்தக் கம்பெனி டவர் கிடைக்கிறதோ அதன் வழியாகப் போகும். சிக்னல் இல்லை என்று போனைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள், அடித்துப் பாருங்கள். 'நோ சர்வீஸ்' என்று வந்தால்தான் எந்த டவரும் இல்லை. அப்போது மாடிக்கோ ஆற்றங்கரை மேட்டுக்கோ ஏறிப் பாருங்கள். குரல் போகாத இடத்தில் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்ச் சேரும். உள்ளூரில் நம்பகமான ஒருவருக்கு இடத்தையும் விஷயத்தையும் எழுதி அனுப்பி, அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சிம்மே போடாத போனிலிருந்தும் 112 போகும் என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அதை நம்பி சிம் இல்லாத பழைய போனைத் தாத்தா கையில் கொடுத்து வயலுக்கு அனுப்பாதீர்கள். வாட்ஸாப் என்றதும் ஞாபகம் வருகிறது, 108-க்கோ 112-க்கோ வாட்ஸாப் காலில் பேச முடியாது. சாதாரண டயலரில்தான் அடிக்க வேண்டும்.

லாக் போட்ட போனிலிருந்து எப்படிக் கூப்பிடுவது? அடிபட்டவர் போன்தான் கையில் இருக்கிறது.

லாக் ஸ்கிரீனை மேலே தள்ளினால் நம்பர் கேட்கும் இடத்துக்குக் கீழே 'எமர்ஜென்சி' அல்லது 'அவசர அழைப்பு' என்று இருக்கும். அதைத் தொட்டு 112 அடிக்கலாம். பாஸ்வேர்டு வேண்டாம். அதே பக்கத்தில், அவர் முன்பே பதிந்து வைத்திருந்தால், ரத்த வகையும் வீட்டுக்காரர் எண்ணும் தெரியும். பதிந்து வைக்கிற ஆள் நூற்றில் ஒருவர்கூடத் தேற மாட்டார் என்பது என் கடை அனுபவம். இன்றைக்கே செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்பதைத் தேடி ரத்த வகை, சர்க்கரை, இதய நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து, இரண்டு பேர் எண் எல்லாம் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால் எந்தச் செல்போன் கடையிலும் கேளுங்கள், போட்டுக் கொடுப்பார்கள்.

பவர் பட்டனை அழுத்தினால் தானாகப் போகும் என்கிறார்களே?

2016-இல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கிற போனில் அபாய பட்டன் இருக்க வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது, டச் போனில் பவர் பட்டனை மூன்று தடவை வேகமாக அழுத்துவது என்று முறை வைத்தார்கள். இப்போது வருகிற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஐந்து தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது. உங்கள் போனில் எப்படி என்று செட்டிங்ஸில் பார்த்து, எந்த எண்ணுக்குப் போகிறது என்பதையும் சரிபாருங்கள்.

இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. பட்டன் போனில் 5-ஐ அழுத்தினால் மகளுக்குப் போக வேண்டும் என்று பழைய பழக்கத்தில் அழுத்துகிறவர்கள், யாரோ "சொல்லுங்க, என்ன அவசரம்" என்று கேட்டதும் பயந்து கட் செய்துவிடுகிறார்கள். பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்ட போனும் இப்படித் தானாகக் கூப்பிடும். இரண்டு வாரம் முன்பு ஒரு பெரியவர் கொண்டுவந்த போனில் பட்டன் இடுக்கில் நெல் தூசியும் எண்ணெயும் அப்பிக் கெட்டியாகியிருந்தது. சட்டைப் பைக்குள் இருந்தபடியே அது யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தவறிப் போய்விட்டால் கட் செய்யாதீர்கள். "தெரியாமல் அழுத்திவிட்டேன், இங்கே ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் வைத்தால் திருப்பிக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், இன்னொருவருக்குப் போக வேண்டிய நேரம் அதில் போகும்.

பாம்பு கடித்தால் போனில் என்னென்ன சொல்ல வேண்டும்?

இடம், கடித்த நேரம், உடம்பில் எங்கே, இப்போது எப்படி இருக்கிறார். பாம்பைப் பார்த்திருந்தால் எப்படி இருந்தது என்பதைச் சொல்லலாம். பார்க்கவில்லை என்றால் தேடிப் போகாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக அவசியம் இல்லை. இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள்.

கட்டுவிரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியாமல் கண் சொருகுவது, பேச்சு குழறுவது என்று ஆரம்பிக்கும். தரையில் படுத்தவருக்கு இப்படி வந்தால் வாயுத் தொல்லை என்று கஷாயம் வைக்காதீர்கள். 108-க்குக் கூப்பிட்டு "பாம்பாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள்.

பூச்சிமருந்து குடித்துவிட்டாலோ, அடிக்கும்போது மயங்கிவிட்டாலோ?

டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். லேபிளில் இருக்கிற மருந்தின் பெயரை வாசியுங்கள், இங்கிலீஷ் தெரியாவிட்டால் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். டப்பாவையும் வண்டியில் கொடுத்து அனுப்புங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே, ஊர் பேசுமே என்று மறைத்து, வேறு காரணம் சொல்லி நேரத்தை விடுவதுதான் உயிரைக் கொண்டுபோகிறது. மனசு தாங்காமல் இருப்பவர்கள் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், அதுவும் இலவசம்.

கரண்ட் கம்பி அறுந்து வயலில் கிடக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்துச் சொல்லட்டுமா?

கிட்டே போகவே கூடாது. ஈரத் தரையில் கம்பி கிடந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணிலேயே மின்சாரம் பரவியிருக்கும். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் இடையில் ஓடும் மின்சாரமே ஆளைத் தள்ளிவிடும். நன்றாகத் தள்ளி நின்று மின்னகத்துக்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். "லைன் ஆஃப் பண்ணணும்" என்று முதலில் சொல்லுங்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேரை இழந்தோம். தேரோ, அறுவடை மிஷினோ, கம்பியில் பட்ட எதையும் தொடக் கூடாது என்பதை நம் ஜில்லாவில் யாருக்கும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்துக் கிடந்தால் முதலில் மெயினை அணைப்பது, அப்புறம்தான் ஆளைத் தொடுவது.

இடி மின்னலில் செல்லில் பேசினால் மின்னல் இறங்குமா?

செல்போன் மின்னலை இழுக்காது. திறந்த வயலில் தனியாக நிற்பதும், ஒற்றைப் பனைமரத்தடியில் ஒதுங்குவதும்தான் ஆபத்து. காங்கிரீட் வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்ப் பேசுங்கள். சார்ஜரில் மாட்டியபடி மட்டும் பேசாதீர்கள்.

கேஸ் வாடை வருகிறது. உடனே கூப்பிடலாமா?

வெளியே வந்து கூப்பிடுங்கள். வீட்டுக்குள் போனையும் தொடாதீர்கள், சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து, கைக்கு எட்டினால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறார்கள். கூப்பிட்டால் நாம் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமோ?

வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விதிமுறைகளை ஏற்றது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். உதவி செய்தவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே பேசாமல் ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள். எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, யாராவது வண்டிக்கடியில் சிக்கியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். சிக்கியிருந்தால் தீயணைப்பு வண்டியும் வர வேண்டும்.

ஆற்றில் பையனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றால்?

கத்தி ஆள் கூட்டுங்கள், அதோடு இன்னொருவர் 112-க்கோ 101-க்கோ கூப்பிட வேண்டும். இடம் சொல்லும்போது எந்த ஆறு, எந்தக் கரை, எந்தப் படித்துறை அல்லது பாலம், தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது. பாலத்துக்கு மேற்கேயா கிழக்கேயா என்பதும் முக்கியம். கொள்ளிடத்தில் ஒரு கரை ஒரு மாவட்டம், எதிர்க்கரை வேறு மாவட்டமாக இருக்கும் இடங்கள் உண்டு. நீச்சல் தெரியாதவர் குதிக்க வேண்டாம். கயிறு, வேட்டி, காலிக் குடம், எது கைக்குக் கிடைக்கிறதோ அதை வீசுங்கள்.

புயல் சமயத்தில் போனே செத்துவிடுகிறது. என்ன செய்வது?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது யாருக்கும் மறக்காது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. டவருக்கும் கரண்ட் இல்லை, போனுக்கும் சார்ஜ் இல்லை. ஜெனரேட்டர் இருந்த இடத்தில் போன்களை வரிசையாகப் போட்டுவிட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். என் கடை மேஜையில் ஒரே சமயம் முப்பது போன் கிடந்தது. யாருடையது எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டி வைத்தேன்.

புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாப் போனையும் முழுக்க ஏற்றுங்கள், பவர் பேங்க்கையும் சேர்த்து. வீட்டில் நான்கு போன் இருந்தால் ஒன்றை மட்டும் ஆன் செய்து மற்றதை அணைத்து வையுங்கள். அந்த ஒன்று பழைய பட்டன் போனாக இருந்தால் உத்தமம், நாள்கணக்கில் நிற்கும். வெவ்வேறு கம்பெனி சிம் இரண்டு இருப்பது நல்லது. வெளிச்சத்தைக் குறைத்து, நெட்டை அணைத்து, வீடியோ பார்க்காமல் இருந்தாலே பாதி நாள் கூடுதலாகக் கிடைக்கும். டிராக்டர், கார் பேட்டரியிலிருந்தும் ஏற்றலாம். பால் கவர் போன்ற பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் கட்டினால் மழையில் நனையாது, பைக்கு மேலேயே தொட்டு அடிக்கலாம். நனைந்த போனை உடனே சார்ஜில் போட்டால் போன் போய்விடும், ஷாக்கும் அடிக்கலாம்.

அரசு அனுப்புகிற எச்சரிக்கை சில சமயம் பெரிய சத்தத்தோடு ஸ்கிரீன் முழுக்க வரும். 2023-இல் அதைச் சோதித்துப் பார்த்தபோது பலர் போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடி வந்தார்கள். அது கெட்டுப்போனதல்ல, அந்த வசதியை அணைத்துவிடாதீர்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கிருந்து எங்களுக்காக 108-க்குக் கூப்பிட முடியுமா?

மன்னார்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாதி வீட்டுக்கு இந்தக் கேள்வி உண்டு. முடியாது. அங்கே அடிக்கிற அவசர எண் அந்த நாட்டுக்குத்தான் போகும். பெங்களூரிலிருந்து 108 அடித்தாலும் கர்நாடகத்துக்குப் போகும். சென்னையில் இருக்கிற பிள்ளை கூப்பிட்டால் சரியாக வரும், ஏனென்றால் மாநிலத்துக்கே ஒரே இடம். ஆனால் வீட்டில் பக்கத்தில் நிற்கிறவர் எண்ணையும் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் செய்ய வேண்டியது வேறு. பக்கத்து வீட்டு அண்ணன், எதிர்வீட்டு அக்கா, தெருமுனைக் கடைக்காரர் என்று மூன்று பேர் எண்ணை +91 சேர்த்து வைத்துக்கொண்டு, "அம்மா எடுக்கலைன்னா உங்களுக்குத்தான்ணே கூப்பிடுவேன், நீங்க போய்ப் பார்த்து 108-க்குச் சொல்லணும்" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஊருக்கு வரும்போது அவர்களுக்கு ஒரு தைலம் பாட்டிலாவது வாங்கிவருவது நம் ஊர் மரியாதை.

கடலுக்குப் போகிறவர்களுக்குச் செல்போன் போதுமா?

கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே சிக்னல் விட்டுவிடும், செல்லை மட்டும் நம்பிப் போகக் கூடாது. வி.எச்.எஃப். வாக்கிடாக்கியில் 16-ஆம் சேனல் அபாயத்துக்கானது. சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. படகு எண்ணும் எந்தத் துறையிலிருந்து கிளம்பினீர்கள் என்பதும் முதலில். கரையில் இருக்கிறவர்களும் அதையே சொல்லிக் கூப்பிடலாம்.

கூப்பிட்ட பிறகு வேறு வண்டி கிடைத்துவிட்டது. விட்டுவிடலாமா?

திரும்ப 108-க்குக் கூப்பிட்டு "வண்டி வேண்டாம், கிளம்பிவிட்டோம்" என்று சொல்லுங்கள். அந்த வண்டி பக்கத்து ஊரில் ஒரு பிரசவத்துக்குப் போகும்.

வயதானவர்கள் பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடுகிறார்களே?

மறக்கத்தான் செய்வோம், எனக்கும் மறக்கும். அதனால் எழுதி ஒட்டுங்கள். சித்தப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால், காலண்டருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் நான் எழுதி ஒட்டியிருக்கிறேன். பேத்தி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு எழுதினேன். உங்கள் ஊரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

108. உடம்புக்கு.
112. மற்ற எல்லாவற்றுக்கும்.
திருவாரூர் மாவட்டம், நீடாமங்கலம் தாலுகா.
ஊர் பெயர், கீழத்தெரு.
வெண்ணாற்றுக்குத் தென்கரை. பாலம் தாண்ட வேண்டாம்.
மாரியம்மன் கோயிலுக்கு அடுத்து, பச்சைக் கதவு, வாசலில் வேப்பமரம்.
கட் பண்ணாதே. எந்த நம்பர் வந்தாலும் எடு.